ராமலிங்கத்தின் முதுகும் அவன் அப்பாவின் தறியும்

போன மாதம் உங்கள் பயிற்சிக்கூடத்துக்கு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஆளுயரக் கண்ணாடி வைத்திருக்கிறீர்கள். வருகிறவரை அதன் முன்னால் நிறுத்தி, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, எந்த இடுப்பு ஏறியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடுகிறீர்கள். எந்தத் தசை இறுகிக் கிடக்கிறது, எது வேலை செய்யாமல் தூங்குகிறது என்பதிலும் நீங்கள் எங்கள் காலத்து ஆட்களைவிடக் கெட்டி. அதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் நான் அங்கே பார்க்கவில்லை. அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போன பிறகு, அவர் உடம்பு பகலெல்லாம் எதன் மேல் உட்காருகிறது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் ராமலிங்கத்தின் கதையை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போனவன். லாரியில் கிளீனராக இருந்தேன். குண்டூர்ப் பக்கம் புகையிலைக் கொட்டகையில் மூட்டை சுமந்தேன். ஒரு சர்க்கஸில் கயிறு கட்டினேன். எந்த ஊரிலும் எனக்குக் கால் தரித்ததில்லை. கடைசியில் வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் பயிற்சி அறையைக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. சண்டையில் அடிபட்டு வந்தவர்களை அங்கே மறுபடி நிற்கவும் நடக்கவும் பழக்குவார்கள். துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட ஆள் போதாதபோது என்னைக் கூப்பிட்டார்கள். அப்படியே தொழில் ஒட்டிக்கொண்டது.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். பருத்தி மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. தொங்குவதற்கு ஒரு இரும்புக் குழாய், கையில் பிடித்துச் சுழற்ற நாலைந்து கரலாக்கட்டை, ஒரு பெஞ்சு, மண் தரை. பகலில் பயிற்சி நடக்கும் இடத்திலேயே ராத்திரி படுத்துக்கொள்வேன். சாப்பாடு சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஊரில் அதைக் கசரத்துக் கொட்டகை என்றார்கள். நான் கசரத்து வாத்தியார். முதலில் புஜம் பெருக்க வேண்டும் என்று இளவட்டங்கள் வந்தார்கள். பிறகு வலியோடு மற்றவர்கள் வந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் திருச்சுழிக்கு, ஒரு நாள் வீரசோழனுக்கு என்று பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டும் வருவேன்.

அந்த வறண்ட பூமி உடம்புகளைத் தன் போக்கில் வளைத்து வைத்திருந்தது. கிணற்றுக்கு நெடுந்தூரம் நடக்கிற பெண்கள் காலமெல்லாம் ஒரே இடுப்பில்தான் குடம் வைப்பார்கள். நான் போன ஊர்களில், பெண்கள் நிற்கிற நிலையைப் பார்த்தே தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். பருத்தி மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு தோள் மட்டும் காய்த்துப்போய் மேலே நிற்கும். இதெல்லாம் எனக்கு எளிதாகப் பிடிபட்டது. குடத்தை இடுப்பு மாற்றி வை, மூட்டையைத் தோள் மாற்றிப் போடு, இறுகியதை நீட்டு, தளர்ந்ததை வேலை வாங்கு என்பேன். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ராமலிங்கம் நெசவாளி. முப்பது வயசு இருக்கும். கொட்டகை வாசலில் வந்து நின்றபோதே இடது தோள் இறங்கி, உடம்பு ஒரு பக்கமாக மடிந்திருந்தது.

"அண்ணே, முதுகு எரியிது. தறியில உக்காந்தா வலது கால் மரத்துப் போகுது. மதுரைக்குப் போயிக் காட்டுனேன். தறிய விட்டுருன்னு சொல்லிட்டாக."

"விட்டுர வேண்டியதுதான?"

"விட்டுட்டு? ஒங்க கொட்டகையக் கூட்டவா?"

"அதுக்கு நான் இருக்கேன்ல. வேற வேலை பாரு."

அவன் சிரித்தான். "எனக்குத் தெரிஞ்சது தறி ஒண்ணுதாண்ணே. வீட்டுல அம்மா, பொண்டாட்டி, ரெண்டு புள்ளைக. எல்லாரும் அந்தத் தறிக்குழியப் பாத்துத்தான் ஒலை வைக்கிறாக."

அவனைச் சுவரோடு நிறுத்திப் பார்த்தேன். இடது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் சதை கயிறு போட்டுக் கட்டினாற்போல இறுகிக் கிடந்தது. வலது பக்கம் தொளதொளவென்று இழுபட்டிருந்தது. படுக்க வைத்து இரண்டு காலையும் கயிற்றால் அளந்தேன். அளவு ஒன்றுதான். எலும்பில் குறை இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அது சரியான முடிவு.

"இது ரத்தத்துல வந்ததுண்ணே," என்றான். "எங்கப்பாவும் இப்படித்தான் சாஞ்சு நடப்பாரு. அவரு போயிச் சேந்த பிறகும், நான் தூரத்துல வாரதப் பாத்துட்டு அவருதான் வாராருன்னு பீடிய மறைச்சவுக இருக்காக."

"ரத்தத்துல மூக்கு வரும், முழி வரும். இந்தச் சதை இறுக்கமெல்லாம் வராது. நாளையிலேர்ந்து வா."

வந்தான். பயிற்சி விவரம் உங்களுக்கு வேண்டாம், நீங்கள் செய்வதேதான். குழாயில் தொங்கினான், பக்கவாட்டில் வளைந்தான், தூங்கிக்கொண்டிருந்த வலது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினான். வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் சொன்னதைச் செய்வான். கரிசலில் பருத்தி வெடிக்கிற சமயத்துக்கு அவன் தோள் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. முதுகில் எரிச்சல் இல்லை. கால் மரத்துப்போவது நின்றுவிட்டது. கொட்டகையில் எல்லோரும் அவனைச் சுற்றி வந்து பார்த்தார்கள். நானும்தான்.

பிறகு ஒரு நாள் அவனுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிற முதலாளி கொட்டகைக்குள் வந்தார். கையில் மடித்த சேலை. பெஞ்சில் கரலாக்கட்டையைத் தள்ளிவிட்டு அதை விரித்தார்.

"வாத்தியாரே, இங்க வாரும். இது என்ன?"

"சேலை."

"நல்லாப் பாரும்."

பார்த்தேன். கட்டம் போட்ட சேலை. கட்டமெல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பட்டம் மாதிரி சாய்ந்து கிடந்தன. குறுக்கே ஓடும் நூல் ஒரு ஓரத்தில் நெருக்கமாகவும் மறு ஓரத்தில் தளர்வாகவும் விழுந்திருந்தது.

"அவன் கோணலா இருந்தான், சேலை நேரா இருந்துச்சு," என்றார். "இப்ப நீரு அவன நேராக்கிட்டீரு, சேலை கோணலாயிருச்சு. நான் எதய்யா விக்கிறது? சேலையவா, அவனையவா?"

கசரத்துக்கு வந்திருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தறியில கெடக்கிற பாவு முடியிற வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்குள்ள துணி நேராகலேன்னா அடுத்த பாவு வேற ஆளுக்கு."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல். அதில் சில சேலைகள் நெய்யலாம். அது கிடைக்காவிட்டால் தறி வெறும் மரம். மதுரையில் தறியை விடச் சொன்னபோது விடாதவனை, என் கசரத்து விட வைக்கப் போகிறது.

சாயந்திரம் ராமலிங்கமே வந்தான். பயிற்சி உடுப்போடு வரவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. என்னைப் பழையபடி கோணலாக்கி விட்டுருங்க."

"ஏலே, விளையாடுறியா?"

"இல்லண்ணே. வலி எனக்குப் பழகுனதுதான. சேலை போச்சுன்னா சோறு போச்சு."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அவன் கேட்டதைச் செய்வது ரொம்ப எளிது. பயிற்சியை நிறுத்தினால் போதும், உடம்பு தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடும். முதலாளிக்குச் சந்தோஷம், அவனுக்கும் அன்றைக்குச் சந்தோஷம். சில வருஷத்தில் அந்தக் கால் முழுசாக விட்டுப்போகும், அவ்வளவுதான். இன்னொரு வழியும் எளிது. உன் உடம்பை நேராக்கிவிட்டேன், என் வேலை முடிந்தது, சேலை உன் பாடு என்று சொல்லிவிடலாம். கெட்டிக்காரர்கள் பலர் அப்படிச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவதை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர் தன் பிழைப்போடு சேர்த்துத்தான் உடம்பை நம்மிடம் தருகிறார். பிழைப்பைத் தின்னக் கொடுத்துவிட்டு உடம்பை மட்டும் திருப்பிக் கொடுத்தால் அதை அவர் என்ன செய்வார்?

அவனிடம், "கோணலாக்கிறதா வேணாமான்னு நாளைக்குச் சொல்றேன். மொதல்ல ஒந்தறியக் காட்டு," என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "காட்டலாம். அம்மா விடாதேண்ணே."

ஏன் விடாது என்பது அவர்கள் வீட்டுக்குள் போனதும் தெரிந்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர்கள் வீட்டில் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, குழி ஓரத்தில் இருக்கும் பலகையில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். காலால் மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரு கை கயிற்றை இழுத்து நூல் கோத்த நாடாவை ஓட்டும், மறு கை தொங்குகிற பலகையை இழுத்து நூலை இறுக்கி அடிக்கும். அந்தத் தறி ராமலிங்கத்தின் அப்பா போட்டது. அவர் இறந்த நாளிலிருந்து அதில் எதையும் மாற்றுவதில்லை என்று அம்மா சவுடம்மா வைத்திருந்தார். கயிறு அறுந்தால் பழைய முடிச்சு இருந்த இடத்திலேயே புது முடிச்சு விழ வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைப்பார். நெய்கிற ஆள் தவிர வேறு யாரும் குழிக்குள் கால் வைக்கக் கூடாது.

என்னைப் பார்த்ததும் அவர் மருமகளிடம், வீட்டில் பேசுகிற தெலுங்கில், "புள்ளைய ஒடிச்சது பத்தாதுன்னு இந்த ஊர்சுத்தி தறியையும் ஒடிக்க வந்துட்டான்," என்றார்.

நான் தமிழில், "ஒடிக்க வரலம்மா, பாக்கத்தான் வந்தேன்," என்றேன்.

குண்டூரில் மூட்டை சுமந்தபோது ஒட்டிக்கொண்ட தெலுங்கு அன்றைக்கு உதவியது. மருமகள் லட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சவுடம்மா அசரவில்லை. "பாரு. தொடாத," என்றார்.

ராமலிங்கத்தை நெய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். என் பெஞ்சில் சட்டம் மாதிரி உட்காருகிறவன், அந்தப் பலகையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் திணற ஆரம்பித்தான். பலகை அவன் இடுப்பை வலது பக்கம் இழுத்தது. அவன் உடம்பு இப்போது அதோடு போக மறுத்தது. குனிந்து பார்த்தேன். பலகையின் வலது பாதி உளியால் செதுக்கித் தாழ்த்தப்பட்டிருந்தது. குழிக்குள் வலது மிதியின் மேல் ஒரு மரக்கட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வருஷக்கணக்காகக் கால் பட்டு அது பளபளவென்று தேய்ந்திருந்தது. மேலே அடிக்கிற பலகையைத் தொங்கவிட்ட கயிறும் ஒரு பக்கம் ஏற்றிக் கட்டியிருந்தது. சாய்ந்து உட்காருகிற ஆளின் அடி இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதற்காக யாரோ யோசித்துச் செய்த வேலை. நேரான ஆள் உட்கார்ந்தால் அடி கோணலாகத்தான் விழும்.

"அம்மா, ஒங்க வீட்டுக்காரவுகளுக்கு வலது கால்ல என்ன?" என்று கேட்டேன்.

சவுடம்மா நிமிர்ந்தார். "ஒனக்கு யாரு சொன்னா?"

"சும்மா கேட்டேன்."

"இளவட்டத்துல பாலவனத்தம் ரோட்டுல பாரவண்டிச் சக்கரம் ஏறிருச்சு. கட்டு சரியா விழல. கால் கட்டையாப் போச்சு. அதுக்காக அவுக ஒரு நாளு தறியில எறங்காம இருந்ததில்ல. எல்லாத்தையும் அவுகளே உளி எடுத்துத் தோதாச் செஞ்சுக்கிட்டாக." சொல்லும்போது அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து அந்த அறைக்குள் சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினார். "இப்படி வருவாக. செருப்புச் சத்தம் ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசாக் கேக்கும். கதவத் தெறக்காமலே ஆளத் தெரிஞ்சுக்கிறலாம்."

அவர் நடந்து காட்டியது அப்படியே ராமலிங்கம் என் கொட்டகைக்கு முதல் நாள் வந்த நடை.

அங்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியது வேறு, அவரைச் சம்மதிக்க வைப்பது வேறு. பலகையைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ பேசினால் அவர் என்னை வெளியே அனுப்பிவிடுவார். அவருக்கு அந்தத் தறியைவிடப் பெரிதாக ஒன்றுதான் இருக்க முடியும்.

"அப்ப ஒங்க மகனுக்கும் பொறக்கும்போதே வலது கால் கட்டையா?" என்றேன்.

"எவன் சொன்னான்?" அவர் சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. "ரெண்டு காலும் சொக்கமாத்தான் பெத்தேன்! மருத்துவச்சி இருக்கா, போயிக் கேளு!"

"நான் சொல்லலம்மா. இந்தத் தறிதான் சொல்லுது, ஒங்க மகனுக்குக் கால் கட்டைன்னு."

அவர் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு, "நீ எந்திரி," என்றார் அவனிடம். அந்த வீட்டுப் பெண்கள் நூல் சுற்றுவார்கள், குழியில் இறங்கியதில்லை. சவுடம்மா கையை ஊன்றி மெல்ல இறங்கிப் பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது பக்கம் வழுக்கி, தறிக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, விழுந்துராத," என்று ராமலிங்கம் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. காலை மிதியில் வைத்துப் பார்த்தார். வலது முழங்கால் தூக்கிக்கொண்டு வந்தது.

"பள்ளிக்கூடத்த விட்ட நாளையில இருந்து இதுலயாடா உக்காந்திருந்த?"

"ஆமா."

"ஏன்டா சொல்லல?"

"எதச் சொல்ல? தறின்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

சவுடம்மா குனிந்து, மிதியில் கட்டியிருந்த கட்டையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இறுகிப்போயிருந்தது. "லட்சுமி, கத்தியக் கொண்டா," என்றார். கயிற்றை அறுத்து, கட்டையை எடுத்து முந்தானையில் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே கொண்டு போய் வைத்தார். திரும்பி வந்து, "பலகைய நீ மாத்து. அவுக செதுக்குனதத் தூரப் போடாத," என்றார் மகனிடம்.

ராமலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேலே கயிற்றையும் அப்போதே இறக்கிக் கட்ட எழுந்தான். நான் விடவில்லை.

"உக்காருற பலகையும் மிதியும் ஒன் ஒடம்புக்கு. அதை இன்னைக்கு மாத்து. கயிறு துணிக்கு. அதைத் தொடாம மொதல்ல ஒடம்பு எங்க போயி உக்காருதுன்னு பாரு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புனா, எது எதைக் கெடுத்துச்சுன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பாவு குறைந்துகொண்டே வருகிற நேரத்தில் இப்படிச் சொல்வது சுலபமில்லை. கயிறு இன்னும் பழைய சாய்வுக்கே இருந்ததால், அடுத்து வந்த சேலை முன்னதைவிட மோசம். லட்சுமி கொட்டகை வாசலில் நின்று, "கோணல்தான் மிச்சம், அதையும் பெருசாக்கி விட்டுட்டீக," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவசரப்பட்டு நானே போய்க் கயிற்றை அவிழ்க்கலாமா என்று எனக்கே கை அரித்தது. போகவில்லை. பிழையான வேலை இரண்டு இருக்கும்போது ஒன்றை நிலைநிறுத்திவிட்டு மற்றதைத் தொடுங்கள். பக்கத்தில் எத்தனை பேர் கத்தினாலும் இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

உடம்பு புதுப் பலகையில் வலியில்லாமல் நிலைத்த பிறகு அவனே கயிற்றை இறக்கினான், ஏற்றினான், நெய்து பார்த்தான், மறுபடி இறக்கினான். அந்த வேலையில் நான் வாய் திறக்கவில்லை, அது அவன் தொழில். பாவின் கடைசிச் சேலை வந்தபோது முதலாளி அதை எங்கள் பெஞ்சிலேயே விரித்தார். ஒரு கட்டத்தை மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தார். இன்னொன்றை மடித்தார். என் பக்கம் திரும்பாமல், "அடுத்த பாவு தயாரா இருக்கு, வந்து எடுத்துக்கிறச் சொல்லும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் யாரையும் சுவரோடு நிறுத்துமுன் ஒரு கேள்வி கேட்பேன்: நீ உட்காருகிற இடம் யார் அளவுக்குச் செய்தது? பலருக்குப் பதில் தெரியாது. அண்ணன் ஓட்டிய சைக்கிளைத் தம்பி ஓட்டுவான். மாமியார் உயரத்துக்குப் போட்ட அடுப்பில் மருமகள் குனிவாள். அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். உங்களிடம் வருகிறவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்காருகிறவர்கள். போய் அந்த நாற்காலியில் ஒரு தடவை நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

ராமலிங்கம் அந்தத் தறியில் வலியில்லாமல் நெய்துகொண்டிருந்தான். நான் அடுத்த ஊருக்குக் கிளம்புகிற காலம் வந்தபோது சொல்லிக்கொள்ளப் போனேன். சவுடம்மா காப்பி கொடுத்தார். ராமலிங்கம் கடைக்குப் போக வாசலில் இறங்கினான். நேராக, இரண்டு செருப்பும் ஒரே சத்தமாக நடந்தான்.

"நல்லதுதான் செஞ்ச," என்றார் அவர். "ஆனா அவுக நடை இனிமே இந்தத் தெருவுல இல்ல."

என்னிடம் அதற்குப் பயிற்சி எதுவும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

அது ராமலிங்கத்தின் காதில் விழுந்திருக்க வேண்டும். நடுத் தெருவில் நின்றான். இடது தோளை இறக்கி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, பெருசும் சிறுசுமாகச் செருப்பை இழுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளும் வரை நடந்தான். எதிரே பீடி பிடித்துக்கொண்டு வந்தவர் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். சவுடம்மா, "ஏலே, கிறுக்குப் பயலே, முதுகு புடிச்சுக்கிறப் போகுது!" என்று கத்தினார். கத்திக்கொண்டே, அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முனையில் அவன் நிமிர்ந்தான். திரும்பி என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனான்.